லூப் தங்கினால் படம் தங்கும்

போலெக்ஸ் எச்16 கேமராவின் மூடியைத் திறந்தால் முதலில் லூப்பைத்தான் பார்ப்பேன். ஃபிலிமில் வெளிச்சம் படும் இடமான கேட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. 16 மி.மீ. ஃபிலிம் வேலையில்லாமல் வளைந்து நிற்பதுபோல் தெரியும். அந்த வளைவு இல்லாவிட்டால் மற்ற எந்தப் பாகம் நன்றாக இருந்தும் பயனில்லை.

சுவிட்சர்லாந்தில் 1935இல் வெளிவந்த கேமரா இது. ஸ்பிரிங்குக்கு முழுச் சாவி கொடுத்தால், வினாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் ஏறக்குறைய 28 வினாடி ஓடும். ஸ்பிரிங்கின் முறுக்கு தளர்ந்துகொண்டே வந்தாலும் வேகம் மாறாமல் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுப் பாகம் பார்த்துக்கொள்ளும். மேல் பல்சக்கரம் ஸ்பூலிலிருந்து ஃபிலிமை இறக்கிக்கொண்டே இருக்கும். கீழ்ப் பல்சக்கரம் அதை வாங்கி அடுத்த ஸ்பூலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரு கணமும் நிற்பதில்லை.

ஆனால் கேட்டில் ஃபிலிம் நின்றே ஆக வேண்டும். ஓடும்போது வெளிச்சம் பட்டால் படம் இழுபட்டுவிடும். அதனால் ஷட்டர் மறைத்திருக்கும் இடைவெளியில் ஒரு சின்னக் கொக்கி ஓரத்துத் துளைக்குள் நுழைந்து, ஃபிலிமை ஒரு ஃபிரேம் அளவு, அதாவது சுமார் 7.6 மி.மீ., கீழே இழுத்துவிட்டு விலகிக்கொள்ளும். ஷட்டர் திறக்கும் நேரத்தில் ஃபிலிம் பிரஷர் பிளேட்டின் அழுத்தத்தில் அசையாமல் இருக்கும். வினாடிக்கு 24 முறை இதே வேலை.

நிற்காத ஓட்டமும் நின்று நின்று போகும் ஓட்டமும் ஒரே ஃபிலிமில் நடக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நின்று சமாளிப்பது லூப்தான். கொக்கி இழுக்கும்போது மேல் லூப் சுருங்கும், கீழ் லூப் பெருகும். ஃபிலிம் நிற்கும் நேரத்தில் பல்சக்கரங்கள் கணக்கை நேர்செய்துவிடும். 1895இல் நியூயார்க்கில் படம் காட்டிய லாதம் குடும்பத்தின் பெயரால் இதை இன்றும் லாதம் லூப் என்கிறார்கள்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது ஒரு ரோல் பாழானபோது. என் சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணம். அவசரத்தில் ஃபிலிமின் முனையை கேமராவிலேயே இருக்கும் கத்தியால் வெட்டாமல், கசங்கிய முனையோடு செலுத்திவிட்டேன். கீழ் லூப் சிறியதாக அமைந்தது. ஓடும்போது அதுவும் போய்விட்டது. கொக்கியும் பல்சக்கரமும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்தன. சீரான சத்தத்துக்குள் படபடவென்று ஒரு தட்டல் கேட்டது; கூட்டத்தின் இரைச்சலில் அதைக் கவனிக்கத் தவறினேன். கழுவி வந்த 100 அடியில் பாதிக்கு மேல் முகங்கள் மேலும் கீழும் கோடாக நீண்டிருந்தன. துளைகளின் ஓரம் கிழிந்திருந்தது. மாலை மாற்றிய காட்சி அதில்தான் இருந்தது.

8 மி.மீ. கேமராக்கள் பலவற்றில் பல்சக்கரமே கிடையாது. கொக்கி ஒன்றே ஃபிலிமை நடத்திவிடும். 1965இல் வந்த சூப்பர் 8, ஃபிலிமைக் கார்ட்ரிட்ஜுக்குள் வைத்து, கோக்கும் வேலையையே இல்லாமல் செய்தது. வீட்டில் படமெடுப்பவருக்கு அது பெரிய வசதி. ஆனாலும் ஃபிலிமின் போக்கை விரல் நுனியில் அறிய விரும்புகிறவருக்கு எச்16 போல ஓர் ஆசான் இல்லை.

இப்போது ஃபிலிம் கோத்ததும் மூடியை உடனே மூடுவதில்லை. எப்படியும் வெளிச்சம் பட்டு வீணாகும் அந்த முதல் அடிகளில் இரண்டு வினாடி ஓடவிடுகிறேன். இரண்டு லூப்களும் லேசாகத் துடிக்கும். நிறுத்திய பிறகு அளவு குறையாமல் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். இருந்தால்தான் மூடி.