'உம்' சத்தம் பிடிக்கும் வீடு

ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர் வீட்டுக்குப் போனால் முதலில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுவார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். சுங்கை பாக்காப் அண்ணன் பாட்டே போடவில்லை. பெட்டியை ஆன் செய்தார், வால்யூமைக் கடைசி வரை திருகினார், ஸ்பீக்கரில் காதை ஒட்டச் சொன்னார்.

"என்னா கேக்குது தம்பி?"

"ஒண்ணும் கேக்கலண்ணே."

"அவ்ளோதான் நம்ம வேலை. பாடுறது பாட்டுக்காரன் வேலை."

பெயரைப் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். போட்டால் ஊரில் ஓடாமல் கிடக்கும் மிக்சியும் மின்விசிறியும் வாசலில் வரிசை கட்டும் என்பது அவர் பயம். ஏற்கெனவே உறுமி மேளக் குழுக்களின் ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டு, வயர் சுற்றிய நிலையில், திண்ணை ஓரத்தில் அவருக்காகக் காத்திருந்தன. அந்த ரிப்பேர்க் காசில்தான் பின்கட்டில் இந்த வீட்டுத் தயாரிப்பு நடக்கிறது.

சுங்கை பாக்காப் பினாங்குத் தீவில் இல்லை. கடலுக்கு இந்தப் பக்கம், செபராங் பிறை தெற்கில், பழைய கூட்டரசுச் சாலையை ஒட்டிய கடைவீடுகளும் அவற்றின் பின்னால் செம்பனையுமாக இருக்கிற சிற்றூர். 19ஆம் நூற்றாண்டில் கீ லாய் ஹுவாட் என்ற சீனக் கரும்பு முதலாளி வளர்த்த ஊர். இந்த வட்டாரத் தமிழர்களில் பலர் கரும்புக் காலத்திலேயே கப்பலேறி வந்தவர்களின் வழி. கரும்பு போய் ரப்பர், ரப்பர் போய் செம்பனை. 1969இல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்து வேலையில்லாமல் தவித்தபோது, முதலமைச்சர் லிம் சோங் இயூ 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வலயம் அமைத்தார். இன்டெல், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலட் பேக்கர்ட் என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கின. பால்மரம் சீவப் போயிருக்க வேண்டிய பெண்பிள்ளைகள் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

அப்படி உட்கார்ந்தவர்களில் அண்ணியும் ஒருவர். இந்த வீட்டுப் பட்டறையில் அண்ணன் பாதிதான். டிரான்ஸ்ஃபார்மர், தகரப் பெட்டி, ஹீட் சிங்க்கில் துளை போடுவது, சோதிப்பது எல்லாம் அவர். போர்டில் ஈயம் வைப்பது முழுக்க அண்ணி. பதினெட்டு வயதில் ஒரு தொழிற்சாலையில் வயர் பாண்டிங் பிரிவில் சேர்ந்தவர். சிலிக்கான் சில்லிலிருந்து வெளிக்காலுக்கு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து ஒட்டுகிற வேலை. 1985இல் பாலம் திறக்கிற வரை முதலில் பேக்டரி பஸ், பிறகு ஃபெர்ரி, மறுபடி பஸ்.

"ஒரு கம்பிக்கு ரெண்டு முனை. அந்த ரெண்டு முனைதான் எங்களுக்குத் தெரியும். அது என்னா சில்லு, எந்தப் பொட்டிக்குள்ள போவுது, என்னா பண்ணும், யாரும் சொல்ல மாட்டாங்க. நாங்களும் கேட்டது இல்ல" என்றார்.

ஃபெர்ரி என்றதும் எனக்கு ஹெரால்டு பிளாக் ஞாபகம் வந்தார். 1927 ஆகஸ்டு 2ஆம் தேதி, பெல் ஆய்வகத்துக்கு வேலைக்குப் போகும்போது ஹட்சன் ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரியில், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே ஒரு படமும் சில சமன்பாடுகளும் கிறுக்கினார். வெளியே வரும் ஒலியில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பி அனுப்பினால், ஆம்ப்ளிஃபயர் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது அந்தக் கிறுக்கல். நெகட்டிவ் ஃபீட்பேக் என்று இன்று உலகத்தில் அநேகமாக எல்லா ஆம்ப்ளிஃபயருக்கும் உள்ளே இருப்பது அதுதான். இந்தக் கதையை அண்ணியிடம் சொன்னேன். "அவருக்கு உக்கார எடம் கெடச்சிருக்கும்" என்றார்.

அவர்கள் முதலில் செய்த பெட்டி இன்னும் கூடத்தில் ஓடுகிறது. எல்எம்3886 என்ற நேஷனல் செமிகண்டக்டர் சில்லு, 11 கால், அதைச் சுற்றிக் கை நிறையக்கூட வராத உதிரிகள். 1999இல் ஜப்பானின் 47 லேபரட்டரி இதன் தம்பிச் சில்லான எல்எம்3875ஐ வைத்து, ஒலி போகும் பாதையில் ஒன்பதே உதிரிகளுடன் கெய்ன்கார்டு என்று ஒரு பெட்டி செய்து பெரிய விலைக்கு விற்றது. அன்றிலிருந்து உலகெங்கும் வீட்டு மேசைகளில் அதன் நகல்கள் பிறந்தபடி இருக்கின்றன. அந்தக் கெய்ன்கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி தனிப் பெட்டி, தனி விலை. ஆடியோ உலகத்தின் பகட்டுகளை நான் அவ்வளவாக நம்புகிறவன் இல்லை. வெள்ளிக் கம்பி, தங்கப் பூச்சு ஃபியூஸ் என்றால் சிரிப்புதான் வரும். ஆனால் மின்வழங்கிக்குத் தனி மரியாதை கொடுத்ததில் அந்த ஜப்பான்காரர்கள் சரியான இடத்தில்தான் கை வைத்தார்கள் என்று அண்ணனின் மேசையைப் பார்த்த பிறகு தோன்றியது.

மேசையில் இருந்தது 25-0-25 வோல்ட் டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர். 25 வோல்ட் ஏசியை டயோடு பிரிட்ஜ் வழியே கெப்பாசிட்டரில் நிரப்பினால் உச்சி மதிப்பு, அதாவது 1.414 மடங்கு, பிளஸ்ஸில் 35, மைனஸில் 35 வரும். புதிதாகச் செய்கிறவர்கள் உடனே 35 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்கி வைத்துவிடுவார்கள். மலேசியாவில் சுவரில் வரும் 230 வோல்ட் 10 விழுக்காடு வரை ஏறலாம். அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஏறினால் உள்ளே 38ஐத் தாண்டும். "நடுராத்திரி ஊரே தூங்குறப்போதான் வெடிக்கும்" என்றார் அண்ணன். லோடு குறைந்து வோல்டேஜ் ஏறுகிற நேரம் அது. அவர் 50 வோல்ட்டுக்குக் கீழே தொடுவதில்லை. வெப்பம் தாங்கும் அளவும் 105 டிகிரி எழுதியதாக இருக்க வேண்டும். பத்து டிகிரி சூடு கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது இந்த ஊர் வெயிலில் சும்மா படித்துவிட்டுப் போகிற கணக்கு இல்லை.

10,000 மைக்ரோஃபாரட்டில் ஒரு ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய ஒரு வோல்ட் ஏற்றஇறக்கம். அதைக் குறைக்கத்தான் எல்லோரும் கெப்பாசிட்டரைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கெப்பாசிட்டர் நாள் முழுக்க நிதானமாகக் குடிப்பதில்லை. 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, உச்சி வருகிற ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் மட்டும் மொத்தத்தையும் இழுக்கும். சராசரி 3 ஆம்பியர் என்றால் அந்த நொடித்துளியில் 20 ஆம்பியர்கூட ஓடும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிஓமுக்குச் சற்று மேல். அதில் 20 ஆம்பியர் ஓடினால் 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் விழும். இன்புட்டின் கிரவுண்டை அந்தக் கம்பியில் தெரியாமல் ஒட்டிவிட்டால், அந்த 20 மில்லிவோல்ட்டும் பாட்டோடு சேர்ந்து இருபது மடங்காகி, அரை வோல்ட்டாக ஸ்பீக்கரில் வந்து நிற்கும். டயாகிராமில் இரண்டும் ஒரே கோடுதான்! இந்தத் தொழிலில் படம் வரையத் தெரிந்தவனும் கம்பி போடத் தெரிந்தவனும் பிரிகிற இடம் இதுவென்று நினைக்கிறேன்.

அண்ணன் இதை மீட்டர் இல்லாமலே பிரித்துவிடுகிறார். 50 ஹெர்ட்ஸ் வெறும் "உம்"; அது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலம் இன்புட் கம்பியைத் தொடுவதாலோ, இரண்டு கருவிகளின் எர்த் சுற்றி வளைத்துச் சந்திப்பதாலோ வருவது. வண்டு கண்ணாடியில் முட்டுகிற மாதிரி "ர்ர்ர்" என்று வந்தால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். அது கெப்பாசிட்டர் குடிக்கிற சத்தம். முதலாவதற்கு டொராய்டைத் திருப்பி உட்கார வைப்பார், கம்பிகளை முறுக்குவார். இரண்டாவதற்கு கிரவுண்டைப் பிரித்து எடுத்து மறுபடி போடுவார்.

"சிலவன் எர்த் காலை வெட்டிருவான். சத்தம் நின்னுரும். ஆளும் ஒருநாள் நின்னுருவான்."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கோபம். மூன்று கால் பிளக்கில் மேல்கால் உயிர்காக்க இருப்பது. 'உம்' சத்தத்துக்காக அதை வெட்டுகிறவனோடு எனக்கும் பேச்சில்லை. அண்ணன் வழி வேறு: இரும்புப் பெட்டி நேராக எர்த்தில் இருக்கும், உள்ளே இருக்கும் கிரவுண்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு தடித்த டயோடு பிரிட்ஜும் 10 ஓம் ரெசிஸ்டரும். சிறு கரண்ட் சுற்றி வர முடியாது, பழுது வந்தால் பெரிய கரண்ட் தாராளமாக எர்த்துக்கு ஓடி ஃபியூஸைப் போக்கும்.

நான் போயிருந்த நாளில் நிபோங் திபாலிலிருந்து ஒரு பெட்டி வந்திருந்தது. கிட் வாங்கி யாரோ ஆசையாகச் செய்தது. இடது பக்க அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஏற்கெனவே மாற்றப்பட்டு, மறுபடியும் வெந்திருந்தன. அண்ணன் வெந்ததைக் கழற்றி வைஸில் வைத்து நெரித்தார். போலியா என்று பார்க்க. சந்தையில் கிடைக்கிற 2எஸ்சி5200களில் எத்தனையோ, மேலே பெயர் ஒழுங்காக அச்சடித்து, உள்ளே அரிசி அளவு சில்லை வைத்து வருபவை. இது அசல்தான். அப்படியானால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

புது ஜோடியைப் பூட்டி, பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பை வரிசையில் கோத்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் மின்சாரத்தைப் பல்பு தின்றுவிடும், டிரான்சிஸ்டர் பிழைக்கும். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு அடங்கியது. 0.22 ஓம் ரெசிஸ்டரின் இரு முனையிலும் 22 மில்லிவோல்ட். அதாவது சும்மா இருக்கும்போது 100 மில்லி ஆம்பியர். சரியான அளவு. அரை மணி நேரம் அப்படியே ஓடியது. நான் கோளாறு போய்விட்டது என்றே நினைத்தேன்.

அண்ணி ஒரு சாப்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு வந்தார். மரக்குச்சி, மின்சாரம் பாயாது. போர்டின் ஒவ்வொரு உதிரியையும் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். நீல நிறத்தில் ஒரு சின்னத் திருகு ரெசிஸ்டரைத் தொட்டதும் பல்பு முழு வெளிச்சத்துக்கு எரிந்தது. அண்ணன் சுவிட்சைத் தட்டினார்.

சும்மா ஓடும் அந்த 100 மில்லி ஆம்பியரைத் தீர்மானிப்பது ஒரு சிறு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர். ஒன்று கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே, மற்றது பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே. டிரான்சிஸ்டரின் பேஸ் வோல்டேஜ் டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும் என்பதால், இந்தச் சிறியதை ஹீட் சிங்க்கோடு ஒட்டி வைத்து, சூடு ஏற ஏறக் கரண்ட் தறிகெட்டு ஏறாமல் பிடிப்பார்கள். இந்த கிட்டில் திருகு ரெசிஸ்டரை மேலே, கலெக்டர்-பேஸ் பக்கம் வைத்திருந்தார்கள். பினாங்கின் ஈரக் காற்றில் உள்ளே நாக்கு பூத்து, தொடர்பு ஒரு கணம் விட்டுப்போனால், சிறு டிரான்சிஸ்டர் உறங்கிவிடும். அவுட்புட்டில் கரண்ட் வெள்ளமாகப் பாயும். அதையே பேஸ்-எமிட்டர் பக்கம் வைத்திருந்தால், தொடர்பு விட்டதும் கரண்ட் பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கும். பாட்டு கரகரக்கும், எதுவும் வேகாது. உதிரியின் விலை ஒன்றே, இடம்தான் வேறு. அண்ணி பழையதைப் பிடுங்கி, மேலே நிலையான ரெசிஸ்டரும் கீழே புதுத் திருகுமாக மாற்றி ஈயம் வைத்தார். கண்ணாடி போட்டிருந்தார், கை ஆடவில்லை. போர்டின் தாமிரப் பாதையில் ஓர் இடத்தைக் கத்தியால் வெட்டி வயர் இழுத்தது பார்க்க அழகாக இல்லை. "உள்ள யார் பாக்கப் போறா" என்றார். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. மறுபடி செய்யச் சொன்னார். செய்யவில்லை.

இருவருக்கும் இப்போது நடக்கும் வழக்கு கிளாஸ் ஏ வகை ஆம்ப்ளிஃபயர் பற்றியது. ஜான் லின்ஸ்லி ஹூட் 1969 ஏப்ரலில் வயர்லெஸ் வேர்ல்டு பத்திரிகையில் கொடுத்த நாலு டிரான்சிஸ்டர் வரைபடத்தை அண்ணன் செய்ய ஆசைப்படுகிறார். இனிமைக்குப் பெயர் போனது. 10 வாட் ஒலிக்கு 27 வோல்ட்டில் 1.2 ஆம்பியர், பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 65 வாட் சூடு. குளிர்நாட்டுக்காரனுக்கு அது கணப்படுப்பு. இங்கே மத்தியானம் அறையே 32 டிகிரி. டிகிரிக் கணக்கை அண்ணன் தாளில் போட்டு வைத்திருக்கிறார்: வாட்டுக்கு அரை டிகிரி ஏறுகிற ஹீட் சிங்க் பக்கத்துக்கு ஒன்று, தொட்டால் 48.

"ஏர்கான் போட்டுக்கலாம்" என்றார்.

"ஏர்கான் போட்டா அது சத்தம்தான் கேக்கும். காதை ஸ்பீக்கர்ல வெச்சு என்னாத்த கேப்பீங்க?"

"அப்ப அக்டோபர், நவம்பர் மழையில கேப்போம். குளுகுளுன்னு இருக்கும் லா."

"மழை வந்தா இடி வரும். இடி வந்தா பிளக்கைப் புடுங்கணும்" என்று சொல்லிவிட்டு, திண்ணையில் கிடந்த உறுமிக்காரர்களின் ஆம்ப்ளிஃபயரை எப்போது பார்க்கப் போகிறீர்கள், சனிக்கிழமை அவர்களுக்குத் திருவிழா என்று கேட்டார் அண்ணி.