கைக்கும் உதவிக்கும் இடையே

சாத்தாங்காட்டை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். திருவொற்றியூருக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாய்க்கும் மணலிக்கும் நடுவில் கிடக்கும் ஊர் இது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு எஃகுச் சந்தையால்தான் வெளியார் இதன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். கம்பியும் தகடும் ஏற்றிய லாரிகள், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள், அவற்றின் சக்கரங்கள் பறித்துப்போட்ட சாலைகள், எங்கும் படியும் செந்நிறத் துகள், கிழக்கே சில கிலோமீட்டரில் கடல், அங்கிருந்து வரும் உப்புக் காற்று. இரும்பை விற்கும் ஊரில் இரும்பு நெடுநாள் இரும்பாக இருப்பதில்லை.

இக்கட்டுரையில் ‘நாங்கள்’ என்பது அக்காவும் தம்பியுமாகிய இருவர். இருவருமே பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வெளியேறியவர்கள். பெற்றோர் இருவரும் சாத்தாங்காட்டிலேயே இருக்கிறார்கள். அப்பாவுக்கு வயது எழுபத்து மூன்று. அம்மாவுக்குச் சிறுநீரகங்கள் பழுதுபட்டு, வாரம் இருமுறை இராயபுரம் பக்கம் உள்ள ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் நடக்கிறது. அழைத்துப்போய் அழைத்துவருவது அப்பாவும் அவருடைய பழைய சிறிய காரும். ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டி. அதை ஓட்ட முடியாது என்றாகிவிட்டால், டயாலிசிஸ் முடிந்து தளர்ந்து வரும் அம்மா ஆட்டோவின் குலுக்கலில் வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

2024 கடைசியில் அப்பா தொலைபேசியில் ஒரு நாள் சொன்னார்: “ஸ்டியரிங் டைட்டா இருக்குப்பா. ஒரே மாதிரி இல்ல. ஒரு சுத்துல ரெண்டு இடத்துல பிடிக்குது.”

உறவினர்களிடமிருந்து உடனே தீர்ப்பு வந்தது. வயதாகிவிட்டது, சாவியை வாங்கி வையுங்கள் என்றார்கள். அப்பாவின் வலது தோளில் இறுக்கம் இருப்பதை மருத்துவரும் முன்பே சொல்லியிருந்தார். ஆகவே அந்தத் தீர்ப்பை எளிதில் தள்ளிவிடவும் இயலவில்லை. இறுகிப்போனது வண்டியா, ஓட்டுபவரின் தோளா? நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இக்கேள்விக்கு விடை காண முடியாது. ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரும் ஊருக்குப் போனோம்.

முதலில் சென்ற பணிமனை ஒன்றில் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு, ரேக் முழுவதையும் மாற்ற வேண்டும், முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அப்பா எதுவும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு, சந்தைக்குப் பின்னால் லாரிகளைப் பழுதுபார்க்கும் ஒரு ஷெட்டுக்கு ஓட்டி வந்தார். அங்கிருந்தவரை எல்லோரும் பாய் என்றுதான் அழைக்கிறார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர். வண்டியைத் தொடுவதற்கு முன் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

“நைனா, காலைல முதல் தபா எடுக்கும்போது டைட்டா, சூடானப்புறம் டைட்டா?”

“ரெண்டும் ஒண்ணுதான் பாய்.”

“திருப்பி வுட்டா தானா நேர் ஆவுதா?”

“ஆவல. கையால இழுத்துத்தான் வரணும்.”

“எங்க பிடிக்குது?”

“ஒரு சுத்துல ரெண்டு இடம். எதிரும் புதிருமா.”

பாய் தலையசைத்தார். இரண்டு மாதமாக அப்பா சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம்தான் அது. அதற்கு ஒரு துணைக்கேள்வி எழுப்பப்பட்டதை அன்றுதான் கண்டோம்.

ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் இயங்கும் விதத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது. இன்ஜின் ஓடும்போது ஒரு பெல்ட் வழியாகப் பம்ப் சுழல்கிறது. பம்ப் எண்ணெயை அழுத்தத்தோடு ரேக்குக்குத் தள்ளுகிறது. ரேக்கின் தலைப்பில் ஒரு வால்வு. அதன் நடுவே மெல்லிய முறுக்குக் கம்பி. நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தரையைப் பற்றிய டயர் திரும்ப மறுக்கிறது. அந்த மறுப்பால் கம்பி சற்றே முறுக்கிக்கொள்ள, வால்வு திறக்கிறது; வேண்டிய பக்கத்துக்கு எண்ணெய் பாய்ந்து ரேக்கைத் தள்ளுகிறது. கை காட்டும் திசையில் எண்ணெய் பாரத்தைச் சுமக்கிறது என்று சுருக்கிச் சொல்லலாம். பெல்ட் அறுந்தாலும், ஓட்டத்தில் இன்ஜின் நின்றாலும் சக்கரத்துக்கும் கைக்குமான தொடர்பு அறுவதில்லை. பாரம் மட்டும் முழுதாகக் கைக்கு வந்துவிடும். பதறாமல் வலுவாகத் திருப்பினால் வண்டி திரும்பும்.

இந்த ஏற்பாடு பிறந்ததும் லாரிக்காரர்களின் கைவலியிலிருந்துதான். அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ், கனரக வண்டிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டைக் கண்டு இதில் இறங்கினார். 1926 இல் ஒரு காரில் பொருத்தி ஓட்டியும் காட்டினார். விற்பனைக்கு வரும் கார்களில் இதைக் காண 1951 இன் கிரைஸ்லர் இம்பீரியல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எண்ணூர் லாரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு இக்கதை பிடிக்கும். பவர் இல்லாத ஸ்டியரிங்கை இரு கையாலும் தொங்கித் திருப்பிய தலைமுறை அவருடையது.

பாயின் சோதனை முறை, மலிவான கேள்வியை முதலிலும் விலையுயர்ந்த கேள்வியைக் கடைசியிலும் கேட்பதாக இருந்தது. முதலில் முன் டயர்களின் காற்று. குறைவாக இருந்தால் எந்த ஸ்டியரிங்கும் கனக்கும். காற்று சரியாகவே இருந்தது. அடுத்து எண்ணெய்க் கிண்ணம். அளவு குறைந்திருந்தால் கசிவு. நுரைத்திருந்தால் உள்ளே காற்று. கருகிய வாடை வந்தால் பம்ப் தேய்கிறது என்று பொருள். மூன்றும் இல்லை. பிறகு பெல்ட். தளர்ந்திருந்தால் முழுதாக ஒடிக்கும்போது கீச்சிடும், கீச்சொலியும் இல்லை. பம்ப்பிலிருந்து முனகலும் கேட்கவில்லை. உதவி செய்ய வேண்டியவை எல்லாம் உதவத் தயாராகவே இருந்தன.

பிறகு அவர் செய்த காரியம் நாங்கள் எதிர்பாராதது. ஷெட்டின் ஆணியில் மாட்டியிருந்த வில்தராசை எடுத்து வந்தார். காசிமேட்டில் மீன் நிறுக்கப் பயன்படும் அதே கொக்கித் தராசு. இன்ஜினை ஓடவிட்டு, கொக்கியை ஸ்டியரிங்கின் விளிம்பில் மாட்டி, விளிம்புக்குத் தொடுகோடாக மெதுவாக இழுத்தார். சாதாரண இடங்களில் முள் நான்கு கிலோவில் நின்றது. அப்பா சொன்ன இரண்டு இடங்களில் ஒன்பதைத் தொட்டது.

எங்களைப் பொறுத்தவரை வழக்கின் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. தராசுக்கு வயதில்லை, தோள்வலியும் இல்லை.

முன்புறத்தை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை நிறுத்தி, மறுபடியும் திருப்பிப் பார்த்தார். டயர் தரையில் இல்லாதபோதும் அதே இரண்டு இடங்களில் பிடித்தது. ஆகவே குற்றம் தரையிலோ டயரிலோ இல்லை. டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட் போன்றவை இறுகியிருந்தால் கனம் ஏறக்குறைய எங்கும் ஒரே மாதிரி தெரியும்; ஒரு சுற்றுக்கு இரு முறை என்று கணக்கு வைத்துப் பிடிக்காது. அப்படிப் பிடிக்கக்கூடியது ஸ்டியரிங் தண்டுக்கும் ரேக்குக்கும் நடுவில் வளைவாக நிற்கும் யுனிவர்சல் ஜாயிண்ட். லாரிக்காரர் மொழியில் யூ.ஜே. கிராஸ். சிலுவை வடிவத் துண்டு ஒன்று, நான்கு முனைகளிலும் சிறு ஊசி பேரிங்குகளின் மேல் அசையும். எதிரெதிரான இரு முனைகள் துருவேறி இறுகினால், ஒரு முழுச் சுற்றில் இருமுறை அந்த இறுகிய அச்சின் வழியாக ஜாயிண்ட் மடங்க வேண்டிவரும். அந்த இரு இடங்களில்தான் கை திணறும்.

சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங் சுழன்றுவிடாதபடி கயிற்றால் கட்டினார் பாய். தண்டை ரேக்கிலிருந்து பிரித்த பிறகு ஸ்டியரிங் தன்போக்கில் சுழன்றால், அதன் அடியில் சுருண்டிருக்கும் வயர் அறுந்துவிடும். ஏர்பேக் உள்ள வண்டியில் அது பெரும் செலவு. பல் பொருந்தும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு, போல்ட்டைக் கழற்றி ஜாயிண்டை உருவினார். ரேக்கின் முனையை ஸ்பேனரால் திருப்பியபோது தடையின்றி வழுக்கிச் சென்றது. மாற்றச் சொன்ன ரேக் அதுதான். உருவிய ஜாயிண்டை எங்கள் கையில் கொடுத்தார். ஒரு திசையில் மடங்கியது. மறுதிசையில் இருவர் பலத்துக்கும் மடங்க மறுத்தது. கிராஸின் கழுத்தில் செம்பழுப்புப் பொடி.

அந்தத் துரு எப்போது புகுந்திருக்கும் என்பதற்கும் ஒரு தேதி இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கால்வாய் ததும்பித் தெருவுக்குள் வந்தது. வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம்வரை பரவி, மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியது அப்போதுதான். எங்கள் வாசலில் அந்தக் கார் சக்கரம் முழுகும் நீரில் இரண்டு நாள் நின்றது. நீர் வடிந்தபின் இன்ஜினையும் பிரேக்கையும் பார்த்தார்கள். இன்ஜினுக்குப் பின்னால் தாழ்வாக ஒளிந்திருக்கும் இந்தக் கணுவை ஒருவரும் பார்ப்பதில்லை. உள்ளிருந்த கிரீஸை நீர் கழுவிப் போக, மீதியை ஓராண்டு உப்புக் காற்று முடித்துவைத்தது.

இனி, எங்களை நெடுநேரம் யோசிக்க வைத்த விஷயம். பம்ப் நன்றாக இருந்தது, எண்ணெய் நன்றாக இருந்தது, ரேக்கும் நன்றாக இருந்தது. பிறகு ஏன் உதவி கிடைக்கவில்லை? ஏனெனில் இறுகிய ஜாயிண்ட், கைக்கும் வால்வுக்கும் இடையில் இருக்கிறது. வால்வுக்கு வந்து சேரும் முறுக்கையே பம்ப் அறியும். வழியில் துரு தின்றுவிடும் பலத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகையால் அந்தத் தடையை மட்டும் கை ஒற்றையாக நின்று வெல்ல வேண்டும். இன்ஜினின் முழு வலிமையும் ஒரு சாண் தூரத்தில் காத்திருக்க, ஒரு கிழவர் தன் தோளால் துருவோடு மல்லாடிக்கொண்டிருந்தார். மனிதர்களுக்கு நடுவிலும் இப்படிப்பட்ட கணுக்கள் இருக்கின்றன. உதவ ஆள் இருந்தும், கேட்பவரின் சொல் போய்ச் சேரும் வழியில் எங்கோ இறுகிவிடுகிறது.

துருநீக்கி எண்ணெயை அடித்துச் சில முறை மடக்கினால் ஜாயிண்ட் இளகும்; சில வாரங்களில் மறுபடி இறுகும். பாய் அதற்கு உடன்படவில்லை. புதுப்பேட்டையில் பழைய தண்டு மலிவாகக் கிடைக்குமே என்றோம். “ஸ்டியரிங்கும் பிரேக்கும் செகண்ட்ஸ்ல வாங்கக்கூடாது சார், உசுரு அதுலதான் தொங்குது” என்றார். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய்ப் புதுத் தண்டு வாங்கி வந்தோம். ரேக்குக்குச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. கோட்டுக்குக் கோடு பொருத்தி, புது போல்ட் போட்டு, டார்க் ஸ்பேனரால் முறுக்கினார். மறுபடி தராசு வந்தது. சுற்று முழுவதும் முள் மூன்றுக்குச் சற்று மேலேயே நின்றது. வளைவில் கையை விட்டால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வந்தது.

புதிய கார்கள் பெரும்பாலானவற்றில் இன்று எண்ணெய்க்குப் பதில் மின்மோட்டார்தான் உதவி செய்கிறது. அவற்றில் ஸ்டியரிங் கனத்தால் முதலில் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கையும், பிறகு பேட்டரியையும் பியூஸையும் பார்க்க வேண்டும். ஆனால் யுனிவர்சல் ஜாயிண்ட் அவற்றிலும் உண்டு. கடலோரத்திலும் வெள்ளம் புகும் தாழ்வான தெருக்களிலும் இருப்பவர்கள், எவ்வகை வண்டியானாலும், மழைக்காலம் முடிந்ததும் அந்தக் கணுவை ஒருமுறை பார்க்கச் சொல்வது நல்லது.

வண்டி இளகியதால் தோளும் இளகிவிட்டது என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். அப்படி ஆகவில்லை. அப்பாவின் தோள் இறுக்கம் உண்மையானது. இப்போது அதற்குப் பயிற்சி செய்கிறார். இரவில் ஓட்டுவதை அவரே நிறுத்திக்கொண்டார். அம்மாவைப் பகலில் அழைத்துப்போய் வருவது அவர் பொறுப்பிலேயே தொடர்கிறது.

காசிமேட்டில் அவரும் ஒரு வில்தராசு வாங்கிவிட்டார். மாதத்தின் முதல் ஞாயிறன்று கொக்கியை மாட்டி இழுத்து, வரும் எண்ணைச் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறார். அதை ஏன் எழுதுகிறார் என்று அம்மா கேட்டிருக்கிறாள். “எண்ணு ஏறினா வண்டிய பாய்கிட்ட விடுவேன். எண்ணு ஏறாம எனக்குக் கை வலிச்சா, சாவிய உங்கிட்ட குடுத்துடுவேன்” என்றாராம்.