காலி வீதியில் கொதிக்கும் கார்

கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்தின் அருகிலிருந்து புறப்பட்டு, புறக்கோட்டை நெரிசலைக் கடந்து, காலி வீதி வழியே வெள்ளவத்தையை அடைவது ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர்ப் பயணமே. ஆயினும், கடுகண்ணாவை ஏற்றத்தில் சளைக்காத கார்கூடச் சமதரையான இவ்வழியில் கொதித்து நிற்பதுண்டு. காரணம் யாது? ஓடும் காரின் ரேடியேற்றரை எதிர்க்காற்றுக் குளிர்விக்கிறது. நெரிசலில் நிற்கும் காருக்கோ விசிறி ஒன்றே துணை.

ஆகவே புறப்படுமுன், எஞ்சின் குளிர்ந்திருக்கையிலேயே ரேடியேற்றர் நீர், எண்ணெய், பெல்ற், இறப்பர்க் குழாய்கள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வோம். கடற்காற்றில் நிற்கும் வெள்ளவத்தைக் கார்களில் துருவையும் கவனிப்போம்.

வழியில் வெப்பமானியின் முள் ஏறினால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைப்போம். ஆவியைக் கண்டு பதறி மூடியைத் திறத்தல் ஆகாது. உள்ளே அழுத்தத்தால் 100 பாகைக்கு மேலும் கொதியாது அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணமே ஆவியாய்ச் சீறி முகத்தைச் சுட்டுவிடும். பிள்ளைகளை அப்பால் நிறுத்தி, அரைமணி நேரமேனும் பொறுத்திருப்போம். வெள்ளவத்தையில் மேற்கே செல்லும் ஒழுங்கையில் இறங்கினால் கடல்; காத்திருக்கும் வேளைக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை.