தேக்காவில் சிவப்புச் சாயம்: மங்காமல் காக்கும் கைகள்

தலைமுடிக்கு ஏற்றும் நிறங்களில் முதலில் வெளுப்பது சிவப்பு. கருப்பும் அடர்பழுப்பும் மாதக்கணக்கில் நிற்கும். பர்கண்டி, செர்ரி, செம்பு என்று ஆசையாகக் கேட்டுப் போட்டுக்கொண்ட நிறமோ சில வாரங்களிலேயே ஆரஞ்சுச் சாயலுள்ள பழுப்பாக இறங்கிவிடுகிறது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளில், தேக்கா நிலையத்தைச் சுற்றியும் சிராங்கூன் சாலையின் கிளைத் தெருக்களிலும் இயங்கும் பியூட்டி பார்லர்களுக்கு வாடிக்கையாளர்கள் அதிகம் கொண்டுவரும் குறை இது. இந்த நாற்காலிகளுக்குப் பின்னால் நிற்பவர்களில் உள்ளூர்ப் பெண்கள் உண்டு, ஜோகூரிலிருந்து எல்லை கடந்து வேலைக்கு வருபவர்கள் உண்டு, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. இவர்கள் கையாளும் சிவப்பு இரண்டு வகை. ஒன்று மருதாணிச் சிவப்பு. மற்றது டியூபிலிருந்து பிதுக்கும் சாயத்தின் சிவப்பு. இரண்டும் முடியில் தங்கும் விதம் வேறு, மங்கும் விதமும் வேறு.

முடியிழையின் வெளிப்புறம், ஓடு வேய்ந்த கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய செதில்களால் ஆனது. டியூப் சாயத்தில் உள்ள அம்மோனியா போன்ற காரப்பொருள் அந்தச் செதில்களை விலக்குகிறது. நிறமற்ற சிறு மூலக்கூறுகள் உள்ளே புகுந்து, பெராக்சைடின் உதவியால் ஒன்றோடொன்று இணைந்து, நிறமுள்ள பெரிய மூலக்கூறுகளாகி அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. இந்த வேதியியலின் தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தார்ச் சாயங்களில் இருக்கிறது. அதைத் தலைமுடிக்கான வணிகப் பொருளாக வளர்த்தவர்களில் முக்கியமானவர், 1907-இல் பாரிஸில் தன் சாயத்தை விற்கத் தொடங்கிய எழேன் ஷூலர். பின்னாளில் லோரியால் நிறுவனமாக வளர்ந்தது அவருடைய முயற்சிதான்.

சிவப்புக்கான சாயங்கள் பல, கருப்பு, பழுப்புச் சாயங்களின் அளவுக்கு வெயிலையும் கழுவலையும் தாங்குவதில்லை. நிறத்தைத் தூக்கிக்காட்டச் சேர்க்கப்படும் நேரடிச் சாயங்கள் ஆழமாக இறங்காமல் மேலாகவே நின்று, ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகின்றன. தமிழர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரின் கருமுடியில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பளிச்சென்ற சிவப்பு தெரிய வேண்டுமானால் முடியின் இயற்கை நிறத்தை முதலில் வெளுக்க வேண்டும். வெளுத்த முடியில் செதில்கள் முன்போல மூடுவதில்லை. சாயம் நுழைந்த வழியாகவே வெளியேறுகிறது.

ஆகவே, நிறம் நிற்குமா நிற்காதா என்பதில் பாதி, பூசும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. தேர்ந்த கை தேவைக்கு மேல் வெளுக்காது. கருமுடி வெளுக்கும்போது முதலில் செம்பழுப்பும் பிறகு ஆரஞ்சும் கடைசியில் மஞ்சளும் தோன்றும். சிவப்பு கேட்பவருக்கு ஆரஞ்சிலேயே நிறுத்திவிட்டால், அடியில் தங்கும் அந்த ஆரஞ்சு மேலே ஏறும் சிவப்பைத் தாங்கிப் பிடிக்கும். சாயம் மங்கினாலும் செம்பு நிறமாகத்தான் தெரியும். பெராக்சைடை மிதமாக, பெரும்பாலும் 20 வால்யூம் என்று சொல்லப்படும் ஆறு விழுக்காட்டு அளவிலேயே வைப்பதும், நுனியையும் நடுமுடியையும் முதலில் பூசி வேரைக் கடைசிக்கு விடுவதும் இதே அக்கறையின் பகுதிகள். உச்சந்தலையின் சூட்டில் வேர்ப்பகுதி சீக்கிரம் நிறம் பிடிக்கும். அதை முதலில் பூசினால் வேர் எரிசிவப்பாகவும் நுனி மந்தமாகவும் நிற்கும். விலையுயர்ந்த ஷாம்பூவால் இந்தக் கோளாறைச் சரிசெய்ய முடியாது.

மருதாணியின் கதை வேறு. உலர்ந்த மருதாணி இலையில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு இருக்கும் லாசோன் என்ற நிறமி, முடியின் கெரட்டின் புரதத்தோடு நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. பிணைந்தபின் எளிதில் கழுவிப் போகாது. இதற்கான சான்றை சிராங்கூன் சாலையிலேயே காணலாம். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து அங்கூலியா பள்ளிவாசலிலிருந்து வரும் முதியவர்களில் சிலரின் தாடி மருதாணியால் சிவந்திருக்கும். நாள் பல ஆனாலும் அந்தச் சிவப்பு நுனியில் அப்படியே இருக்கிறது. வேரில் மட்டும் வெள்ளை எட்டிப்பார்க்கிறது. நரைமுடியில் இவ்வளவு பளிச்சென்று ஏறும் மருதாணி, கருமுடியில் வெயில் படும்போது மட்டும் தெரியும் செம்மையைத்தான் தரும். மருதாணிக்கு முடியை வெளுக்கும் சக்தி கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடும் பார்லர் நேர்மையான பார்லர்.

லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைகளில் கிடைக்கும் பொடிகளில் ராஜஸ்தானின் சோஜத் வட்டாரப் பெயர் தாங்கியவை உண்டு. சோஜத் மருதாணி 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. பொடி எதுவானாலும் அதைக் கரைக்கும் விதத்தில்தான் சிவப்பின் ஆயுள் இருக்கிறது. தமிழ் வீடுகளில் இரும்புச் சட்டியில் இரவு முழுவதும் ஊறவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. நரையை மறைக்க அது நல்ல முறை, ஏனென்றால் இரும்பு லாசோனோடு சேர்ந்து நிறத்தைக் கருக்கச் செய்கிறது. சிவப்பு வேண்டுபவர்களுக்கு அதே சட்டி எதிரி. அவர்களுக்குப் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் கிண்ணம்தான் சரி. நெல்லிக்காய்ப் பொடியும் சிவப்பைத் தணிக்கும். அவுரிப்பொடி பழுப்புக்கும் கருப்புக்கும் இட்டுச்செல்லும். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பொருள் சேர்த்துச் சில மணி நேரம் மூடிவைத்தால் லாசோன் மெல்ல வெளிப்படும். சிங்கப்பூரின் முப்பது டிகிரி வெப்பத்தில் இது சீக்கிரம் நடக்கும். கரைத்த விழுதை நாள் முழுவதும் வெளியே விட்டால் வீரியம் போய்விடும். மிச்சத்தை உறைபெட்டியில் வைக்கலாம்.

எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத முடியில் பூசி, தொப்பி மாட்டி, இரண்டு முதல் நான்கு மணி நேரம் விட வேண்டும். வாடகை மிகுந்த கடையில் ஒரு நாற்காலி இவ்வளவு நேரம் முடங்குவது சிறிய செலவல்ல. அவசரப்பட்டு அரைமணியில் அலசிவிடும் இடங்களில் நிறம் பிடிக்காததற்கு இதுவே காரணம். அலசியவுடன் தெரியும் ஆரஞ்சு, காற்றுபட்டு இரண்டு மூன்று நாளில் செம்பழுப்பாக ஆழும். அதுவரை ஷாம்பூ கூடாது. அடுத்தடுத்த பூச்சில் நிறம் மேலும் கனக்கும். அதனால் வேரை மட்டும் தொட்டு, நீளத்தை எப்போதாவது பூசுவதே முறை.

இதற்குப் பிறகுதான் ஊரின் தட்பவெப்பம் தன் வேலையைக் காட்டத் தொடங்குகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிகூடத் தள்ளியிராத தீவில் ஆண்டு முழுவதும் புறஊதாக் கதிர் கடுமையாக இருக்கும். நண்பகலில் குடையோ துப்பட்டாவோ இல்லாமல் நடக்கும் தலையில் டியூப் சிவப்பு கண்கூடாக வெளுக்கிறது. வியர்வையும் ஈரப்பதமும் அன்றாடம் தலைக்குக் குளிக்கத் தூண்டுகின்றன, ஆனால் நனைந்த முடி ஊதும், செதில் விலகும், சாயம் கசியும். வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் ஷாம்பூ, மற்ற நாட்களில் உச்சந்தலையை அலசிவிட்டு நீளத்துக்கு கண்டிஷனர் என்பது இந்த ஊருக்குப் பொருந்திவரும் வழி. சல்பேட் இல்லாத மென்மையான ஷாம்பூவும் வெதுவெதுப்புக்கும் குறைந்த தண்ணீரும் போதும். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் குளித்துப் பழகியவர்களுக்கு இங்குள்ள குழாய்நீர் ஒரு சலுகை. கடினத்தன்மை குறைவு என்பதால் உப்புப் படிந்து முடி மந்தமாவதில்லை. குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. அது முடிக்குள் ஊடுருவி, நீர் புகுந்து ஊதுவதைக் குறைக்கிறது.

நீச்சல் குளம் தனிக் கவனம் கேட்கிறது. குளோரின் சாயத்தைச் சிதைக்கும். முதலில் நல்ல தண்ணீரில் முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, தொப்பி அணிந்து இறங்கினால் குளத்து நீரை முடி குறைவாகவே உறிஞ்சும். முடியை நீட்டும் சூட்டுக்கருவியை 180 டிகிரிக்குக் கீழே வைப்பது நல்லது.

சாயத்தின் பாதுகாப்பைப் பேசாமல் இந்தத் தொழிலைப் பேச முடியாது. சிவப்பைக் கூட்ட சோடியம் பிக்ரமேட், கருப்பைக் கூட்ட பிபிடி எனப்படும் பாரா-ஃபினைலின்டையமின், சில நேரம் உலோக உப்புகள் என்று பல சேர்மானங்களோடு ‘மருதாணி’ என்ற பெயரில் பொட்டலங்கள் வருகின்றன. சிங்கப்பூர் 2008-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆசியான் அழகுசாதன விதிகளின்படி பிபிடி தலைச்சாயத்தில் வரம்புக்குள் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. தோலில் பூசும் பொருளில் அதற்கு இடமில்லை. தூய மருதாணியும் எல்லோருக்கும் ஏற்றதல்ல. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். இந்தக் குறைபாட்டைப் பிறந்தவுடன் பரிசோதிக்கும் திட்டம் சிங்கப்பூரில் 1965 முதலே இருக்கிறது. பெற்றோர் அந்தப் பரிசோதனை முடிவை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் சில மாதங்களுக்கு ஒருமுறை சாயத்தைத் தொடுகிறார். பார்லர் ஊழியர் நாள் முழுவதும் தொடுகிறார். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் கூட்டம் நெரியும்போது, ஈரக் கையோடு ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்கு நகர்வது இவர்களின் வழக்கம். கைத்தோல் வெடிப்பதும் அரிப்பதும் முடிதிருத்துவோரிடையே உலகெங்கும் காணப்படும் தொழில்நோய். ஒவ்வொரு தலைக்கும் புதிய நைட்ரைல் கையுறையை முதலாளிகள் கட்டாயம் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை ஊழியருக்கு உண்டு.

வாடிக்கையாளருக்கும் ஒரு கடமை உண்டு. உலோக உப்பு கலந்த பொடி பூசிய முடியில் பெராக்சைடு பட்டால் முடி சூடேறி அறுந்துபோகும். “முன்னாடி என்ன போட்டீங்க?” என்று பார்லர் அக்கா முதலில் கேட்பது அதனால்தான். பொட்டலத்தின் பெயர் வரை மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பொட்டலத்தையே கையோடு கொண்டுபோங்கள். சாயம் போடுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் காதின் பின்புறம் சிறிது தடவிப் பார்க்கச் சொன்னால், வேலை மிகுதி என்று தட்டிக்கழிக்காமல் போய்வாருங்கள்.