ஒரு திர்ஹம் தூரம்

வேலை விஷயமாக நான் துபாய் வந்துபோவது இது ஆறாவது முறை. ஒவ்வொரு முறையும் விமான நிலையம், ஷேக் சாயித் சாலையில் ஒரு ஹோட்டல், கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு மீட்டிங் அறை, திரும்பவும் விமான நிலையம். 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவை டாக்சி ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. 2025 ஜனவரியில் வந்தபோது என் கல்லூரித் தோழன் போனில் கண்டிப்பாகச் சொன்னான்:

“மாப்ள, இந்தத் தடவ காரு கிடையாது. மெட்ரோல வா. போர்டுல பனியாஸ் ஸ்கொயர்னு போட்டிருக்கும். எங்க வாப்பா காலத்து ஆளுங்களுக்கு அது நாசர் ஸ்கொயர். அங்கேருந்து நடப்போம்.”

திருச்சியில் நான்கு வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவனுக்குச் சொந்த ஊர் கீழக்கரை. ஆனால் பிறந்தது 1977இல், துபாயில், தேராவில். அவனுடைய வாப்பா பம்பாயிலிருந்து ‘துவாரகா’ கப்பலில் டெக் டிக்கெட் எடுத்து வந்தவர். பையன் வாப்பாவின் விசாவில் வளர்ந்தான். படிக்க இந்தியா வந்ததும் அந்த விசா காலாவதியானது. படிப்பு முடிந்து நான் மேற்படிப்புக்காக மெல்போர்ன் போனேன். அவன் விசிட் விசாவில், பிறந்த ஊருக்கே வேலை தேடிப் போனான்.

நைஃப் சந்துகளுக்குள் அவன் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. எந்தச் சந்து எந்தக் கடையின் முதுகில் போய் முட்டும் என்று அவன் கால்களுக்குத் தெரிந்திருந்தது. தங்கச் சந்தையில் நிற்கவே இல்லை. மசாலாச் சந்தையில் சாம்பிராணி வாசனையும் காய்ந்த எலுமிச்சை வாசனையும் சேர்ந்து வரும் ஒரு திருப்பத்தில் மட்டும் நின்றான். குங்குமப்பூவும் ஃப்ரிட்ஜில் ஒட்டும் ஒட்டகப் பொம்மைகளும் விற்கிற ஒரு கடை.

“இங்கதான் வாப்பா கணக்கு எழுதுனாரு. ஸ்கூல் விட்டு வந்தா ஏலக்கா மூட்ட மேல உக்காந்து வீட்டுப்பாடம் செய்வேன்.”

கடைக்காரப் பையன் எங்களைச் சுற்றுலாப் பயணிகள் என்று நினைத்து ஆங்கிலத்தில் விலை சொன்னான். தோழன் சிரித்துக்கொண்டே அவனுக்கு மலையாளத்தில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

க்ரீக் என்று எல்லோரும் சொல்கிற அந்த உப்பங்கழியின் கரைக்கு வந்தோம். ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகிற மர லாஞ்சுகள் வரிசையாக நின்றன. டயர்களும் பெட்டிகளும் துறையில் அப்படியே அடுக்கிக் கிடந்தன. எண்ணெய் கிடைத்ததால் வந்த ஊர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவன் மறுத்தான். இங்கே எண்ணெய் கண்டது 1966இல். அதற்கு முன்பே, மணல் மூடிக்கொண்டிருந்த இந்தக் கழியை ஷேக் ராஷித் கடன் வாங்கித் தூர் வாரி ஆழப்படுத்தியிருந்தார். கப்பல் வந்தது, சரக்கு வந்தது, சரக்கின் பின்னால் ஆட்கள் வந்தார்கள். அப்போது இங்கே புழங்கியது நம்முடைய ரூபாய். வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி 1959இல் தனி நோட்டுகூட அடித்தது. திர்ஹம் வந்தது 1973இல்தான்.

“அப்ப நம்ம காசு இங்க செல்லுச்சு” என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான்: “மார்ச் கடைசில கிளம்புறேன்டா. கம்பெனில ஆளக் கொறச்சுட்டாங்க.”

எனக்கு உடனே தோன்றியதையெல்லாம் கேட்டேன். வேறு வேலை? நாலு மாதமாகத் தேடுகிறான். பத்து வருட கோல்டன் விசா? அதற்கான சம்பளம் அவனுக்கு எப்போதும் இருந்ததில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கான விசா? அதற்கு 55 வயதாக வேண்டும். பிறந்தவன் என்ற முறையில் ஒன்றும் கிடையாதா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். வளைகுடாவில் பிறப்புச் சான்றிதழ் பிறந்ததற்கு மட்டும்தான் சான்று.

மெல்போர்னில் எனக்கு நான்கு வருடத்தில் குடியுரிமை கிடைத்தது. கவுன்சில் ஹாலில் உறுதிமொழி சொல்ல வைத்து, கையில் ஒரு மரக்கன்றும் கொடுத்தார்கள். அந்த மரம் இப்போது கூரை உயரம் இருக்கிறது. ஆனால் என் தெருவின் கோடி வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எந்தச் சந்தும் என் கால்களுக்கு மனப்பாடம் இல்லை.

அப்ராவில் ஏறினோம். ஆளுக்கு ஒரு திர்ஹம். “சின்ன வயசுல அம்பது ஃபில்ஸ்” என்றான். பலகையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வேலை முடிந்து திரும்புகிறவர்கள். அக்கரை சேர்வதற்குள் இரு பக்கமிருந்தும் மக்ரிப் பாங்கு கேட்டது. தோழன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

அவன் பர் துபாயில் தொழுகை முடித்து வரும்வரை, பள்ளிவாசலுக்குப் பின்னால் பழைய கோயில் சந்தில் நின்றேன். சிவன் கோயில் 2024 தொடக்கத்தில் ஜெபல் அலிக்குப் போய்விட்டது. அங்கே இடம் தாராளம், வண்டி நிறுத்தலாம். நல்லதுதான். ஆனாலும் பாங்கு சத்தமும் மணிச் சத்தமும் ஒரே சந்தில் கேட்டது இந்த ஊரில்தான் என்று அவன் கல்லூரியில் எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறான்.

அல் ஃபஹீதியின் காற்றுக் கோபுரங்களைத் தாண்டி வந்து, ஒரு மலையாளி கஃபெட்டேரியாவில் கரக் சாயா குடித்தோம். அப்போதுதான் கேட்டேன், ஊருக்குப் போவதில் எது கஷ்டம் என்று.

“வாப்பா இங்கதானே இருக்காரு.”

எனக்கு முதலில் புரியவில்லை. கடைசிக் காலத்தில் அவர் மகனுடைய விசாவில் துபாயில் இருந்தார். மெட்ரோ ஓட ஆரம்பித்த 2009இல் இறந்தார். அல் கூஸில் அடக்கம். நம்மில் பலருக்கு அப்பாவும் அம்மாவும் ஊரில் இருக்க, நாம் அந்நியத்தில் இருப்போம். அந்தத் துக்கத்தைப் பேசிப் பேசி நமக்கு வார்த்தைகள் தயாராக இருக்கின்றன. இவன் ஊருக்குப் போகிறான், இவனுடைய அப்பா அந்நியத்தில் தங்கிவிடுகிறார். இதற்கு என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

“ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போவேன்டா. இனிமே வரணும்னா விசா எடுக்கணும், டிக்கெட் போடணும். உனக்கு அப்படி இல்ல. ஏர்போர்ட்ல பாஸ்போர்ட்ட காட்டுனா முத்திர குத்தி விட்டுருவான். எப்ப வேணா வரலாம்.”

சாயா பில்லைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தான். சாலை, வாசல், உள்ளே எத்தனையாவது வரிசை என்று நிதானமாக வரைந்தான்.

“அடுத்த தடவ மீட்டிங்குக்கு வந்தா, நேரம் இருந்தா, ஒரு சலாம் சொல்லிட்டுப் போ.”

“என்னை உள்ள விடுவாங்களாடா?”

“வாசல்ல நின்னாலும் போதும்.”

அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அன்றிரவு ஹோட்டல் அறையில் அதை எடுத்து, பாஸ்போர்ட்டின் உள்ளே மாற்றி வைத்தேன். அடுத்த புராஜெக்ட் அக்டோபரில் இருக்கலாம் என்கிறார்கள். மீட்டிங் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையும் சேர்த்துத்தான் டிக்கெட் போட வேண்டும்.