'ஓவர்' சொன்ன பிறகு

கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப்பில் நின்றால் மேற்கே மலை தெரியும். பிறந்ததிலிருந்து எனக்குத் திசை என்றால் அந்த மலைதான். லோங்கேவாலாவில் காரைவிட்டு இறங்கியதும் பழக்கதோஷத்தில் மேற்கே திரும்பிப் பார்த்தேன். மணல் மேடு, அதற்கப்பால் இன்னொரு மணல் மேடு. அதையும் தாண்டினால் பாகிஸ்தான்.

ஜெய்சால்மரிலிருந்து ராம்கர் வழியாக சுமார் 120 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் என்னைக் கிளப்பிவிட்டவர் எங்கள் தெரு மிலிட்டரி அண்ணாச்சி. ஜபல்பூரில் சிக்னல்ஸ் பயிற்சி எடுத்து, வயர்லெஸ் ஆபரேட்டராகவே காலம் கழித்தவர். "டேங்கைப் பாத்துட்டு மட்டும் வந்துராதீங்க தம்பி. அன்னைக்கு ராத்திரி செட்டு இல்லேன்னா அம்புட்டுப் பேரும் போயிருப்பாங்க" என்றார்.

போர் நினைவிடத்தில் எல்லாரும் டேங்க் பக்கத்தில்தான் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பதுங்குகுழி ஓரம் உட்கார்ந்தேன். 1971 டிசம்பர் 4 இரவு இங்கே 23-வது பஞ்சாப் பட்டாலியனின் ஒரு கம்பெனி, ஏறத்தாழ 120 பேர். தலைமை மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி. எல்லையோரம் ரோந்து போயிருந்த லெப்டினன்ட் தரம்வீர் நிலா வெளிச்சத்தில் இன்ஜின் சத்தம் கேட்டு வயர்லெஸ்ஸில் சொல்கிறார்: பாகிஸ்தான் டேங்குகள் வருகின்றன. நாற்பதுக்கும் மேல். சாந்த்புரி தலைமையகத்தைக் கூப்பிடுகிறார். இருந்து சண்டை போடலாம், பின்வாங்கவும் செய்யலாம் என்று பதில் வருகிறது. பின்வாங்க வண்டி வேண்டுமே! இருந்துவிட்டார்கள்.

ஜெய்சால்மரில் நின்ற ஹண்டர் விமானங்களுக்கு இருட்டில் தாக்கத் தெரியாது. விடியும்வரை தாங்க வேண்டும். முள்வேலியைக் கண்டு கண்ணிவெடி இருக்குமென்று எதிரிகள் தயங்கியதில் நேரம் கிடைத்தது. டேங்கின்மேல் கட்டியிருந்த எண்ணெய் டிரம்கள் பற்றியெரிந்ததில் வெளிச்சம் கிடைத்தது. விடிந்ததும் ஹண்டர்கள் வந்தன. மேலே கிரிஷக் என்ற சின்ன விமானத்தில் வட்டமடித்த மேஜர் ஆத்மா சிங், டேங்க் எங்கே நிற்கிறது என்று ரேடியோவில் சொல்லச் சொல்ல, அவை அடித்தன. நம் பக்கம் இறந்தவர்கள் இரண்டு பேர்.

இந்தக் கதையை வைத்து வந்த 'பார்டர்' படம் அண்ணாச்சிக்கு ஆகாது. "எல்லாரும் கத்துறான். வயர்லெஸ்ல கத்துனா அந்தப் பக்கம் கரகரன்னுதான் விழும். வீட்ல பேசுற மாதிரி பேசணும். குண்டு விழுந்தாலும் அப்படித்தான்."

அவர் தூக்கித் திரிந்தது பிஆர்சி 25 வயர்லெஸ் செட். முதுகில் பத்துக் கிலோ, நீட்டிக்கொண்டிருக்கும் ஏரியல். அந்த ஏரியலைப் பார்த்துத்தான் எதிரி முதலில் சுடுவான், பக்கத்தில் அதிகாரி இருப்பார் என்று தெரியுமாம். அதன் அலை நேர்கோட்டில் போகும். நடுவில் மேடு வந்தால் குரல் செத்துவிடும். தூரமாகப் பேச ஜிஆர்சி 9 என்ற இன்னொரு செட். அந்த அலை வானத்தில் மோதித் திரும்பி விழும். பகலுக்கு ஒரு அலைவரிசை, ராத்திரிக்கு வேறு. அதற்குக் கரண்ட் கொடுக்க ஒருத்தன் உட்கார்ந்து கையால் ஜெனரேட்டரைச் சுற்ற வேண்டும். இவர் கேட்டுக்கொண்டிருக்கும்வரை சும்மா சுற்றும். மோர்ஸ் கட்டையைத் தட்டினால் உடனே கைப்பிடி கனத்துவிடும். "நான் சொல்ற சேதியோட வெயிட்டு அவன் தோளுக்குத் தெரியும்" என்பார்.

அந்த மணலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வெயிட்டு எனக்கு உறைத்தது. ஒரு மரமில்லை, ஒரு விளக்கில்லை. வேலியில் காற்று உரசுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. இந்த நிசப்தத்தில் இன்ஜின் சத்தம் எத்தனை தூரத்திலிருந்து கேட்டிருக்கும்! கேட்டபிறகு விடிய எத்தனை நேரம் இருந்திருக்கும்!

என் செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. ராம்கர் நெருங்கும்போதுதான் டவர் கிடைத்தது. அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் பேச, நானும் பேச, இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"தம்பி, ஒருத்தர் முடிச்சப்புறம்தான் அடுத்தவர். முதல்ல நீங்க சொல்லுங்க. ஓவர்" என்றார்.

நான் மணலிலிருந்து ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் 'ஓவர்' சொல்லும்வரை காத்திருந்தார்.