துறையை விட்டுப் புறப்படும் பிள்ளைகள்



நம் வாலிபர் ஐக்கியத்தார் ஏலகிரி மலையில் நடத்திய மூன்று நாள் முகாமுக்காக, பெற்றோர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவங்களைச் சென்ற மாதம் வீடுகளுக்கு அனுப்பியிருந்தோம். மலையேற்றம், பாறையிலிருந்து கயிற்றின் துணையோடு இறங்குதல், கூடாரத்தில் உறங்குதல், தங்கள் உணவைத் தாங்களே சமைத்தல் ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருந்தன. ஒரு தாயார் கையெழுத்திடாத படிவத்தோடு என்னிடம் வந்தார். “ஐயா, ஒன்றே ஒன்று கண்ணே கண்ணு என்று வளர்த்த பிள்ளை. இதெல்லாம் அவனுக்கு எதற்கு? ஜெபக்கூட்டம் வைத்தால் போதாதா?” என்றார்.

உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அதே கேள்வியை முன்பு கேட்ட தகப்பன் நான். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, இத்தகைய முகாம் ஒன்றுக்குப் போக என்னிடம் மன்றாடினாள். பாம்பு, பனி, பள்ளம் என்று காரணங்களை அடுக்கி மறுத்துவிட்டேன். ஆண்டுகள் சென்றன. கல்லூரியில் முதன்முறையாக இரண்டு பாடங்களில் தோற்றபோது, அவள் விடுதி அறையைப் பூட்டிக்கொண்டு மூன்று நாள் சரியாக உண்ணாமல் கிடந்தாள். செய்தி கேட்டு இரவு ரயிலேறி ஓடினேன். “அப்பா, விழுந்தால் எப்படி எழுந்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை” என்று அழுதாள். அந்தச் சொல் இன்றும் என்னைக் குத்துகிறது. அவள் விழாதபடி பார்த்துக்கொண்டேன்; எழக் கற்றுக்கொடுக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அட்லாண்டிக் கடலில் பிரிட்டனின் வணிகக் கப்பல்கள் பல தாக்குண்டு மூழ்கின. உயிர்காப்புப் படகுகளில் ஏறியவர்களில், உடல் வலிமை மிகுந்த இளம் மாலுமிகள் மடிய, வயதில் மூத்தவர்கள் பிழைத்து வருவதைக் கப்பல் நிறுவனத் தலைவர் லாரன்ஸ் ஹோல்ட் கவனித்தார். மூத்தவர்கள் முன்பே பல புயல்களைக் கண்டவர்கள்; இளைஞருக்கு அந்த அனுபவமும் அதனால் வரும் தன்னம்பிக்கையும் இல்லை என்று அவர் கருதினார். ஹிட்லரை எதிர்த்துப் பேசியதற்காக 1933-இல் சிறைப்பட்டு, பின் ஜெர்மனியை விட்டு பிரிட்டனுக்கு வந்திருந்த கல்வியாளர் குர்ட் ஹானோடு சேர்ந்து, 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டவி என்னும் கடலோர ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு அவர் துணைநின்றார். அங்கே இளைஞர்கள் ஏறக்குறைய ஒரு மாத காலம் படகு செலுத்தினார்கள், மலைகளில் நடந்தார்கள், ஆபத்தில் இருப்பவரை மீட்கக் கற்றார்கள். அதன் பெயர் ‘அவுட்வர்ட் பவுண்ட்’. துறைமுகத்தை விட்டுக் கடலுக்குப் புறப்படும் கப்பலை மாலுமிகள் அப்படித்தான் அழைப்பார்கள்.

இதை வாசிக்கும்போதெல்லாம் அப்போஸ்தலனாகிய பவுலை நினைக்கிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில், 276 பேர் இருந்த கப்பலில், பதினான்காம் நாளிலும் புயல் ஓயாதபோது, எல்லாரையும் உண்ணச் சொல்லித் தைரியப்படுத்தியவர் ஒரு கைதி. தேவதூதன் மூலம் வந்த வாக்கை அவர் நம்பினார். ஆனால் அந்தப் பயணத்துக்கு முன்பே கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தாம் மூன்றுமுறை கப்பற்சேதத்தில் அகப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார். தம்மை மும்முறை தண்ணீரிலிருந்து தூக்கியெடுத்தவரை அவர் அறிந்திருந்தார்! அதே பவுல், அந்தப் பருவத்தில் கடலில் போவது ஆபத்து என்று முன்னதாக எச்சரித்தவரும்கூட. விசுவாசம் அசட்டுத் துணிச்சலுக்கு மறுபெயராகாது. ஆகவே நாமும் தேர்ந்த பயிற்சியாளர்களையும் சோதித்த கயிறுகளையும் தலைக்கவசங்களையும் உறுதிசெய்த பின்னரே புறப்பட்டோம்.

என் மகளைப் பற்றி அந்தத் தாயாரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் நெடுநேரம் அமைதியாக இருந்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

முகாமின் இரண்டாம் நாளில் அவருடைய மகன் பாறையின் விளிம்பில் நடுங்கி நின்றான். “பாறையைக் கட்டிக்கொண்டால் கால் வழுக்கும், தம்பி. பின்னால் சாய்ந்து, உன் பாரத்தைக் கயிற்றிடம் கொடு” என்றார் பயிற்சியாளர். அவனால் முடியவில்லை, கண்ணீரோடு திரும்பி, நடைபாதை வழியாகவே கீழே வந்தான். ஒருவரும் நகைக்கவில்லை. அவனுடைய நண்பர்கள் பக்கத்தில் அமர்ந்து தங்கள் பயத்தையும் சொன்னார்கள். மறுநாள் காலையில் அவனே போய், “இன்னொரு முறை முயலட்டுமா?” என்று கேட்டான். பாதி வழியில் ஒருமுறை கால் தவறியது; கயிறு தாங்கியது. அவன் மீண்டும் காலூன்றி இறங்கினான்.

கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தத் தாயார், “ஐயா, வந்ததிலிருந்து சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறான்!” என்று சொல்லிச் சிரித்தார். அன்று மாலை நான் என் மகளைத் தொலைபேசியில் அழைத்து, அந்நாளில் மறுத்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவள், அடுத்த முகாம் எப்போது என்று கேட்டாள்.

அன்பானவர்களே, நம் பிள்ளைகளின் வாழ்விலும் புயல்கள் வரும். அப்போது நாம் அருகில் இல்லாமலும் போகலாம். இந்த வாரம் உங்கள் பிள்ளை தானாகச் செய்ய விரும்பி, நீங்கள் பயத்தால் தடுத்த ஒரு நல்ல காரியத்தை நினைத்துப் பாருங்கள். அதை ஜெபத்தில் வைத்து, தக்க பாதுகாப்போடு அனுமதியுங்கள்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, எங்கள் அச்சத்தால் பிள்ளைகளைக் கரையிலேயே கட்டிவைத்ததை மன்னியும். அவர்கள் விழும்போது தாங்குகிற உம்முடைய கரத்தை அவர்களே அறிந்துகொள்ளக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்.